வைசூரியும் சுவிசேஷமும்: கண்டி இராச்சியத்தில் யோசேப் வாஸ் முனிவர்

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாகக் கிழக்கே செல்லும் பாதை, றிவஸ்ரன் மலைமுகட்டில் ஏறி, இலுக்கும்புறையில் இறங்கிப் பல்லேகமவைச் சென்றடைகின்றது. தும்பறை மலைத்தொடரின் கீழ்ப்புறத்தில் அமைந்த இப்பகுதியை இலக்கலை என்பர். பழைய பல்லேகமக் கடைத்தெரு இன்று களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கின்றது. மக்கள் மேட்டு நிலத்தில் எழுந்த புதிய பட்டினத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பேருந்து ஓடும் இந்நாளிலும் மழைக்காலத்தில் அவ்வழி செல்வோர் மூடுபனியையும் மண்சரிவையும் எண்ணி அஞ்சுவதுண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், பாதைகள் யாவும் ஒற்றையடிப் பாதைகளாயிருந்த காலத்தில், மலைநாட்டு இராச்சியம் எத்துணை மூடுண்டு கிடந்திருக்கும் என்பதை அறிய விரும்புவோர் இம்மலைச் சரிவில் ஒருமுறை நின்று பார்த்தல் போதும்.

அவ்விதம் மூடுண்டு கிடந்தமையே கண்டி இராச்சியத்துக்கு அரணாயிற்று. கரைநாடுகளைப் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் கைப்பற்றிய காலத்தும் மாத்தளை, தும்பறை, ஊவா ஆகிய நாடுகள் சிங்கள மன்னரின் ஆணைக்குள்ளேயே இருந்தன. கரைநாட்டில் வாழ இயலாதவர் பலருக்கு அம்மலைகள் புகலிடமாயின. அவ்வாறு புகலிடம் பெற்றவருள் கத்தோலிக்கரும் அடங்குவர். மாத்தளை மாவட்டத்தில் கலேவலைக்கு அண்மையில் உள்ள வாஹகோட்டை என்னும் ஊர், இரண்டாம் இராசசிங்க மன்னன் குடியேற்றிய போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களால் உண்டாயிற்று என்பது மரபு. இன்று சிங்களம் பேசி, வயல் உழுது, புனித அந்தோனியாரின் திருவிழாவைக் கொண்டாடி வாழும் அவ்வூர் மக்களிடையே போர்த்துக்கேயப் பெயர்கள் இன்னும் வழங்கி வருகின்றன.

சமயம் என்பது ஆலயத்தோடு நின்றுவிடுவதா, அன்றி அடுக்களைக்கும் நோய்ப்படுக்கைக்கும் அரசவைக்கும் உரியதா என்பது பழைய வினா. கிறிஸ்து சமயத்தைப் பொறுத்தவரையில் அவ்வினா நம் நாட்டில் மிகக் கடுமையாக எழுந்த காலம் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியாகும். அக்காலத்தை விளங்கிக்கொள்வதற்கு யோசேப் வாஸ் என்னும் கோவைக் குருவானவரின் வரலாறு நல்லதொரு வாயில்.

ஆயினும் அவர் கதையை அவர் வந்த நாளிலிருந்து தொடங்குவது நியாயமாகாது. அவருக்கு முன்னர் அதே சுவிசேஷம் இந்நாட்டுக்கு எவ்வாறு வந்தது என்பதைக் கூறியாக வேண்டும். போர்த்துக்கேயரின் காலத்தில் அது கோட்டையின் நிழலில் வந்தது. உண்மையான பக்தியும் தொண்டும் உடைய துறவிகள் அக்காலத்தும் இருந்தனர் என்பதை மறுத்தலாகாது. 1544 ஆம் ஆண்டு மன்னாரில் சங்கிலி மன்னனின் ஆணையால் மாண்ட புதுக்கிறிஸ்தவர்கள் தம் நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்களே. எனினும், 1621 ஆம் ஆண்டில் பிலிப்பு தே ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தபொழுது, அன்பைப் போதிக்கும் வேதத்தின் பெயரும் அச்செயலோடு சேர்த்தே பேசப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சைவர்கள் இரவில் மறைவாக வழிபட்டும், விரதம் இருந்த இலையைக் கூரையில் ஒளித்தும் வாழ்ந்தார்கள் என்று முதியோர் சொல்லும் கதைகள் அக்காலத்தின் வடுக்களேயாகும்.

1656 இல் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. அவர்களும் கிறிஸ்தவர்களே, வேதாகமத்தைத் தங்கள் சமயத்தின் ஒரே அடித்தளமாகக் கொண்ட சீர்திருத்தச் சபையினர். யாழ்ப்பாணத்தில் குருவாக இருந்த பிலிப்பு பால்டேயஸ் என்பார் தமிழ் கற்று, மத்தேயு எழுதிய சுவிசேஷத்தைத் தமிழாக்குதற்கு முயன்றார். சாதாரண குடிமகன் தன் தாய்மொழியிலேயே வேதத்தைக் கேட்க வேண்டும் என்னும் அக்கொள்கை பெரிது. ஊர்தோறும் பள்ளிக்கூடம் வைத்தமைக்காகவும் ஒல்லாந்தருக்கு நாம் கடன்பட்டவர்களே. ஆனால் அதே 1658 ஆம் ஆண்டில், கத்தோலிக்கக் குருமாருக்கு இடமளிப்போருக்கு மரண தண்டனை என்று அவர்கள் கட்டளை பிறப்பித்தனர். சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றாலன்றி அரசாங்க உத்தியோகம் இல்லை. திருமணத்தையும் பிள்ளையின் பிறப்பையும் பள்ளித் தோம்பில் பதிந்தாலன்றி முதுசம் கோரும் உரிமை நிலைப்பதில்லை. இதன் பயன் யாதாயிற்று? காணிக்காகவும் பதவிக்காகவும் ஞானஸ்நானம் பெற்றோர் பெருகினர். கணக்கேட்டில் கிறிஸ்தவர்கள் பல்லாயிரவராயினர். 1796 இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்ததும், அத்தொகை வெயிற்பட்ட பனிபோல் மறைந்தது.

கோயிலை இடித்துச் சைவரை ஒளித்து வழிபடச் செய்தவர்களின் சமயத்தார், அடுத்த தலைமுறையில் தாமே ஒளித்து வழிபடும் நிலையை அடைந்தனர். வரலாறு அவ்வப்போது இத்தகைய கணக்குகளைத் தீர்த்துக்கொள்வதுண்டு. ஆனால் கணக்குத் தீர்க்கப்படும்பொழுது அடிபடுபவர் பெரும்பாலும் குற்றம் செய்தவரல்லர் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கரையூர்ப் பரவருக்கும் சில்லாலைக் கமக்காரருக்கும் நல்லூர்க் கோயிலை இடித்ததில் யாதொரு பங்கும் இல்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர்கள் குரு ஒருவரைக் காணாதிருந்தனர். மந்தை மேய்ப்பனின்றிக் கிடந்தது.

இச்செய்தி கோவையில் இருந்த இளங்குரு ஒருவரின் செவிக்கு எட்டியது. யோசேப் வாஸ் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆந் திகதி கோவையைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். கொங்கணி பேசும் பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்தவரான குடும்பம் அவருடையது. 1676 இல் குருப்பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் கன்னட நாட்டுக் கரையிற் பணிபுரிந்தபின், இந்தியக் குருமார் சிலரோடு சேர்ந்து 1685 இல் கோவையில் ஒறற்றோரியன் சபையை அமைத்தார். ஐரோப்பியரே துறவுச் சபைகளை ஆண்ட அக்காலத்தில், இந்நாட்டவர் தாமே நடத்திய அச்சபை ஒரு புதுமை எனலாம்.

1686 இல் அவர் இலங்கைக்குப் புறப்பட்டார். உடன் வந்தவன் யோவான் என்னும் பணியாள் இளைஞன் ஒருவனே. கப்பற்படை இல்லை, ஆளுநரின் கடிதம் இல்லை, பணமும் இல்லை. பிச்சைக்காரனின் கந்தையை அணிந்து, வெறுங்காலோடு மலையாளக் கரை வழியாகத் தூத்துக்குடி வந்து, 1687 இல் கடல் கடந்தார். புயலில் அலைப்புண்ட தோணி மன்னாரில் ஒதுங்கியது. அங்கிருந்து யாழ்ப்பாணம் சென்றடைந்தபொழுது வயிற்றுக்கடுப்பு நோய் அவரை வீழ்த்தியது. தொற்றுக்கு அஞ்சியவர்கள் அவரை ஊர்ப்புறத்தே காட்டோரத்தில் விட்டனர் என்றும், அங்கே இரக்கமுள்ள பெண்ணொருத்தி அளித்த கஞ்சியால் அவர் உயிர் தப்பினார் என்றும் அவருடைய சரிதம் கூறும். அப்பெண்ணின் பெயரோ சமயமோ எவருக்கும் தெரியாது. அவள் ஈந்த கஞ்சிக்குப் பின்னால் நிகழ்ந்தவை பல.

உடல் தேறியபின் அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். சிலர் விரட்டினர்; சிலர் அரிசி இட்டனர்; சிலருடைய கண்கள் அச்செபமாலையில் நிலைத்து நின்றன. அவ்விதம் நின்ற கண்களைக் கொண்டே அவர் கத்தோலிக்கரை அடையாளங் கண்டார். பின்னர் சில்லாலையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, பகலில் கூலியாளாகவும் வண்ணானாகவும் வேடம் பூண்டு, இரவில் குருவாகிப் பூசை நிகழ்த்தினார் என்பர். தமிழை அவர் பேசக் கற்றது இக்காலத்திலேயே.

1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணக் கொமாண்டர் புளோறிஸ் புளோம் என்பவரின் ஆட்கள், பூசைக்குக் கூடியிருந்தோரை வளைத்துப் பிடித்தனர். குருவானவர் தப்பினார், மக்கள் அகப்பட்டனர். ஒல்லாந்தர் குலத்திற் பிறந்து கத்தோலிக்கரான பெரியவர் ஒருவர் கசையடிபட்டு இறந்தார். வேறு சிலர் விலங்கிடப்பட்டுக் கோட்டை வேலைக்கு அனுப்பப்பட்டனர். நம் காலத்துப் பொதுமேடைகளில் அரசனுக்கு உரியதை அரசனுக்கும் கடவுளுக்கு உரியதைக் கடவுளுக்கும் கொடுத்தல் வேண்டும் என்னும் கிறிஸ்துவின் போதனையை இருதரப்பாரும் எளிதில் எடுத்தாள்வர். அன்று யாழ்ப்பாணத்தில் அப்போதனைக்கு விலை இருந்தது. வரி செலுத்தினர், ஊழியம் செய்தனர், கொமாண்டரின் ஆணைக்குப் பணிந்தனர். மனச்சாட்சியை மட்டும் தோம்பில் பதிய மறுத்தனர். அவர்கள் ஒல்லாந்தருக்கு எதிராகக் கலகம் செய்ததாக எந்தக் குறிப்பும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இனித் தங்குதல் மக்களுக்கே ஆபத்து என்பதை உணர்ந்த வாஸ் முனிவர், 1690 இல் கண்டி மன்னனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த புத்தளத்துக்கு நகர்ந்தார். 1692 இல் மலைநாடு நோக்கிப் புறப்பட்டார். தலைநகரை அடையுமுன்னரே பிடிபட்டு, விலங்கோடு கண்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

அவரைக் குற்றஞ்சாட்டியவர் சிங்களவரல்லர். பௌத்த பிக்குவும் அல்லர். 1672 இல் பிரெஞ்சுத் தூதராக இராசசிங்கனின் அவைக்கு வந்து, திரும்பிச் செல்ல அனுமதி பெறாமல் அங்கேயே தங்கிவிட்ட லனெரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், கல்வின் நெறியைச் சார்ந்த கிறிஸ்தவர், அவரே வாஸ் முனிவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னனிடம் கூறியவர். ஐரோப்பாவில் எரிந்த நெருப்பின் பொறி மகாவலிக் கரைவரை பறந்து வந்தது என்றே கூற வேண்டும். குற்றச்சாட்டை அரசன் புறக்கணித்துவிட இயலாது. போர்த்துக்கேயரோடு மூன்று தலைமுறை போர்செய்த குலம் அவனுடையது. கறுப்பங்கி அணிந்தவர் முன்னே வரப் படைவீரர் பின்னே வந்த அனுபவம் கண்டிக்கு உண்டு.

சிறையில் கிடந்த வாஸ் முனிவர் தமக்காக வாதாடவில்லை. சிங்களம் கற்றார். காவல் சிறிது தளர்ந்ததும் கீற்றுக் கொட்டகை ஒன்றை அமைத்துப் பூசை நிகழ்த்தினார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக வந்தனர். நாளடைவில், இம்மனிதர் ஒற்றரல்லர் என்பது அரண்மனையாருக்கு அவர் வாழ்ந்த வாழ்விலிருந்தே தெரியலாயிற்று. வறட்சிக் காலத்தில் அவர் செபித்து மழை பெய்தது என்னும் வரலாறும் உண்டு. அதனை நம்புவோர் நம்பட்டும்; வரலாற்று நூலார்க்கு அதைவிடத் திண்ணிய சான்றாக அமைவது அதன்பின் நிகழ்ந்த வைசூரியே.

அந்நாளில் கண்டியை ஆண்டவன் இரண்டாம் விமலதர்மசூரியன். 1687 இல் முடிசூடி 1707 வரை ஆண்ட இம்மன்னன் பௌத்த சமயப் பற்று மிக்கவன். தலதாவுக்கு மூன்று மாடிக் கோயில் எழுப்பினான். நாட்டில் உபசம்பதைப் பெற்ற பிக்குகள் அருகியமை கண்டு, அரக்கன் நாட்டுக்குத் தூதனுப்பிப் பிக்குகளை வரவழைத்து, 1697 இல் கெட்டம்பையில் உபசம்பதைச் சடங்கை நிகழ்வித்தான். தன் சமயத்தை மீண்டும் நிலைநிறுத்த இத்துணை பாடுபட்ட மன்னனே வேற்றுச் சமயக் குரு ஒருவருக்குத் தன் தலைநகரில் வாழ இடங்கொடுத்தான். கொச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ எவரும் அவனை வற்புறுத்தவில்லை. ஒல்லாந்தரின் பகையைத் தேடிக்கொள்ளும் ஆபத்து மட்டுமே அதில் இருந்தது. தன் சமயத்தில் உறுதியாக நிற்பவன் பிறர் சமயத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இலங்கை வரலாற்றில் அரிதாகவே கிடைக்கும்.

அதே 1697 ஆம் ஆண்டில் கண்டியில் வைசூரி தோன்றியது.

அந்நோயின் கொடுமையை இன்றைய தலைமுறை அறியாது. உலகத்திலிருந்தே பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980 இல் அறிவித்தது. பதினேழாம் நூற்றாண்டில் அதற்கு அம்மைப்பால் குத்தும் முறையும் இல்லை, மருந்தும் இல்லை. நோய் கண்ட வீட்டை விட்டு மற்றையோர் ஓடிவிடுவர். நோயாளியைக் காட்டில் கொண்டுபோய், ஒரு பானை தண்ணீரும் சிறிது சோறும் வைத்துவிட்டு வருதல் வழக்கம். இறந்தவரைப் புதைக்க ஆளில்லை. நரியும் காட்டு விலங்கும் பிணத்தை இழுத்தன. இதனைக் கண்டியாரின் கொடுமை என்று எண்ணுதல் தவறு. ஐரோப்பாவில் கொள்ளைநோய் வந்த காலங்களில் அங்குள்ளோரும் வேறு யாது செய்தனர்? தாயைப் பிள்ளையும் பிள்ளையைத் தாயும் கைவிட்டு ஓடச்செய்யும் அச்சம் அது. மன்னனும் பரிவாரமும் தலைநகரை விட்டு நீங்கினர். பெருமக்கள் தங்கள் ஊர்களுக்குச் சென்றனர். போக இடமற்றோர் மட்டுமே எஞ்சினர்.

வாஸ் முனிவர் தங்கினார். அவரோடு அவர் மருகரான யோசேப் கர்வாலோ என்னும் இளங்குருவும் யோவானும் இருந்தனர். அவர்கள் செய்தது யாது? சமயச் சொற்பொழிவு ஆற்றவில்லை. காடுகளில் எறியப்பட்டவர்களைத் தேடிச் சென்று, இலையும் தழையும் கொண்டு குடிசைகள் அமைத்தனர். கைவிடப்பட்ட வீடுகளை நோயாளர் இல்லங்களாக மாற்றினர். கஞ்சி காய்ச்சி வார்த்தனர். புண்களைக் கழுவினர். நாற்றத்தால் எவரும் அணுகாத உடல்களைத் தூக்கித் துப்புரவு செய்தனர். இறந்தவர்களுக்குக் குழி வெட்டித் தம் கையாலேயே புதைத்தனர். நோயுற்றவர் கத்தோலிக்கரா, பௌத்தரா, இசுலாமியரா என்று அவர்கள் பார்க்கவில்லை. ஒரு நாள் இரு நாளன்று; ஏறக்குறைய ஓராண்டு காலம் இவ்வூழியம் நடந்தது.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 25 ஆம் அதிகாரத்தில், முடிவு நாளில் மன்னர் மக்களைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் வருகின்றன. எத்தனை ஆலயம் கட்டினாய், எத்தனை பேரைச் சபையிற் சேர்த்தாய் என்பன அங்கே கேட்கப்படுவதில்லை. பசித்தவனுக்கு உணவிட்டதும், அந்நியனை ஏற்றுக்கொண்டதும், நோயாளியைப் பார்க்கச் சென்றதுமே கேட்கப்படுகின்றன. இதே சுவிசேஷத்தைத்தான் பால்டேயஸ் யாழ்ப்பாணத்தில் அமர்ந்து தமிழாக்க முயன்றார். அந்த அதிகாரத்தின் சொற்களை அவர் எவ்வளவு கருத்தோடு தெரிந்தெடுத்திருப்பார்! ஆனால் அவருடைய சபைக்குத் துணைநின்ற அரசாங்கம், அந்நியனாக வந்த குருவுக்கு ஒரு குவளை கஞ்சி கொடுப்பவனைத் தூக்கிலிடும் சட்டத்தை வைத்திருந்தது. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதனைக் கூறவில்லை. சுவிசேஷத்தின் ஓர் அதிகாரத்தைத் தமிழாக்குதற்குச் சில கிழமைகள் போதும்; அதனைச் சட்டமாக்கவோ பழக்கமாக்கவோ எத்துணைக் காலம் செல்லும் என்பதற்கு ஒல்லாந்தரின் நூற்றுமுப்பது ஆண்டு ஆட்சி ஒரு சான்று.

நோய் தணிந்து மன்னன் திரும்பியபொழுது, இக்குருமார் இல்லாவிடின் வீதியெங்கும் பிணங்களே கிடந்திருக்கும் என்று கூறினான் எனச் சரித நூல்கள் சொல்லுகின்றன. அந்நூல்களில் முதன்மையானது, செபஸ்தியாவோ தோ றேகோ என்பார் எழுதி 1745 இல் லிஸ்பனில் வெளியிட்ட சரிதம். அவரும் அதே சபையைச் சேர்ந்தவர். தம் தலைவரின் புகழைப் பாடுவதற்காகவே எழுதினார் என்பதை வாசிப்போர் மறத்தலாகாது. ஆனால் மன்னனின் செயல் அவர் கூற்றுக்குச் சான்றாகின்றது. வைசூரிக்குப் பின்னர் அக்குருமாருக்கு இராச்சியமெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமை கிடைத்தது. கோவையிலிருந்து மேலும் குருமார் வந்தனர். மலைநாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்த கத்தோலிக்கக் குடிகள் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டன. வாஹகோட்டையிலும் வாஸ் முனிவர் பணிபுரிந்தார் என்பது அவ்வூர் மரபு.

இவ்விடத்தில் ஒரு கடினமான வினா எழுகின்றது. அதனைத் தவிர்த்துச் செல்லுதல் நேர்மையாகாது. வைசூரிக் காலத்து ஊழியம் மக்களைத் தம் சமயத்துக்கு ஈர்ப்பதற்கான வழியா? இறக்கும் தறுவாயிலிருந்த பலருக்கு அக்குருமார் ஞானஸ்நானம் அளித்தனர் என்பதை அவர்கள் சரிதமே மறைக்காமற் கூறுகின்றது. ஊழியத்தின் பயனாக மன்னனின் நல்லெண்ணமும் போதிக்கும் உரிமையும் கிடைத்தன என்பதையும் கண்டோம். அன்றியும், அன்று அரசவையிலேயே இவ்வையம் பேசப்பட்டிருத்தல் இயல்பு.

இவ்வினா அன்றோடு முடிந்ததன்று. 2003 ஆம் ஆண்டில் மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகள் என்னும் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் இலங்கை உயர் நீதிமன்றின் முன் வந்தது. பொருளுதவி அளிப்பதோடு சமயத்தையும் பரப்புதல் அச்சபையின் நோக்கங்களுள் இருந்தமையால், அது அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அச்சகோதரிகள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். 2005 இல் அக்குழு, சகோதரிகளின் சமய உரிமை மீறப்பட்டதாகக் கருத்துத் தெரிவித்தது. 2004 இல் கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள், மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் கூறும் அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரைக்கு ஒவ்வாதவை என்று உயர் நீதிமன்றம் கண்டது. அச்சட்டமூலம் நிறைவேறவில்லை. வறியவனின் பசியைச் சமயத் தூண்டிலாக்குகின்றனர் என்று ஒரு சாராரும், பசித்தவனுக்கு உணவிடும் எம் கையைக் கட்டுகின்றனர் என்று மற்றொரு சாராரும் கூறிய வாதம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் வெகுநாள் நடந்தது.

இரு சாராரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. தோம்பில் பெயர் பதிந்து முதுசம் காத்த யாழ்ப்பாணத்தவரை நினைவுகூர்வோர், இலாபத்துக்காகச் சமயம் மாறுதலின் இழிவை அறிவர். அவ்விழிவுக்கு அன்று அரசாங்கமே காரணமாயிருந்தது. மற்றொரு புறம், சட்டத்தின் வாயிலாக உள்ளத்தை அளக்க முற்பட்டால், 1697 இல் காட்டுக் குடிசையில் கஞ்சி வார்த்த கையை எந்தப் பிரிவின் கீழ்க் குற்றமாகக் காட்டுவது? நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதற்குமுன் அவன் சமயத்தை அவர் கேட்டாரல்லர். உயிர் பிழைத்தபின் சபையிற் சேர மறுத்தவனிடம் கஞ்சிக்கு விலையும் கேட்டாரல்லர். இவ்விரண்டுமே நாம் அவர் செயலை மதிப்பிடுதற்குரிய அளவுகோல்கள். சமாரியன் கதையிலும், வழியில் அடிபட்டுக் கிடந்தவன் குணமடைந்தபின் எக்கோயிலுக்குச் சென்றான் என்று கிறிஸ்து கூறவில்லை என்பது கருதத்தக்கது.

1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் குருவானவர், வாஸ் முனிவர் தொடங்கிய பணியின் மற்றொரு பகுதியை ஏற்றார். அது மொழிப்பணி. தமிழையும் சிங்களத்தையும் இலக்கண இலக்கியத்தோடு கற்று, இருமொழியிலும் நூல்கள் இயற்றினார். தேவ அருள் வேத புராணம் என்னும் அவருடைய தமிழ் உரைநடை நூல் வேதாகம வரலாற்றை இந்நாட்டு மக்களுக்கு விளங்கும் முறையில் எடுத்துரைப்பது. வியாகுலப் பிரசங்கம் என்னும் நூல் கிறிஸ்துவின் பாடுகளை ஒப்பாரியின் உருக்கத்தோடு கூறுவது. தவக்காலத்தில் மேற்குக் கரையூர்களில் அதனை ஓதி மக்கள் கண்ணீர் விடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வந்தது. எழுத்தறியாத மீனவப் பெண்ணும் சுவிசேஷத்தின் நிகழ்ச்சிகளைத் தன் வீட்டுத் துயரோடு சேர்த்து எண்ணிப் பார்க்க அந்நூல் வழிசெய்தது. தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் வீரமாமுனிவருக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு சிறு பங்கையேனும் கொன்சால்வெஸ் அவர்களுக்குக் கொடுத்தல் தகும். அவர் 1742 இல் போலவத்தையில் காலமானார்.

வாஸ் முனிவரோ அதற்கு முன்னரே, 1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆந் திகதி நள்ளிரவில், கண்டியில் உயிர் நீத்தார். இருபத்துநான்கு ஆண்டுகளாக அவர் இந்நாட்டை விட்டு நீங்கவில்லை. ஆயராகும் வாய்ப்பு வந்தபொழுது அதனை ஏற்க மறுத்தார். அப்போது அரசாண்ட நரேந்திரசிங்க மன்னன் தன் தந்தையைப் போலவே குருமாரை ஆதரித்தவன். கண்டியில் இருந்த ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.

அவ்வாதரவு நெடுநாள் நிலைக்கவில்லை. 1739 இல் ஆட்சிக்கு வந்த சிறீ விஜய இராசசிங்கன் காலத்தில் குருமார் நாட்டை விட்டு அகற்றப்பட்டனர், ஆலயங்கள் அழிக்கப்பட்டன. வாஹகோட்டை மக்கள் பன்னெடுங்காலம் குருவின்றியே செபமாலையைச் சொல்லித் தம் பிள்ளைகளுக்கு நம்பிக்கையைக் கையளித்தனர். கரைநாட்டுக் கத்தோலிக்கர் மீதிருந்த ஒல்லாந்தர் காலத்துத் தடைகளை 1806 இல் ஆங்கில ஆட்சியாளர் நீக்கினர்.

2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆந் திகதி கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள் யோசேப் வாஸ் முனிவரைப் புனிதராக அறிவித்தார். முப்பது ஆண்டுப் போரின் புண் ஆறாதிருந்த நாட்டில், பெரும் மக்கள் திரளின் முன்னிலையில், இனம் சமயம் பாராது அவர் ஆற்றிய தொண்டையே பாப்பரசர் எடுத்துரைத்தார். அன்று பிற்பகல் அவர் மன்னார்க் காட்டிலுள்ள மடுமாதா திருத்தலத்துக்குச் சென்றார். ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து ஓடிய கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துவந்து வைத்த இடம் அது என்பர். தமிழரும் சிங்களவரும் ஒருங்கு கூடும் இடமாக அது இன்றும் விளங்குகின்றது.

கண்டியில் வாஸ் முனிவரை அடக்கஞ்செய்த ஆலயம் இடிக்கப்பட்டபின் அவருடைய கல்லறை இருந்த இடம் மறைந்துபோயிற்று. பின்னாளில் பலர் தேடியும் அது இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. வைசூரியில் இறந்து அவர் கையால் புதைக்கப்பட்டோரின் குழிகளும் அந்நகரின் மண்ணில் எங்கோ இருக்கின்றன. அவற்றுக்கும் அடையாளம் இல்லை.